டீக்கால் அடம்பிடிக்கும்போது: அறிகுறி பார்த்து வைத்தியம்

1/72 அளவில், பிளாஸ்டிக் கிட்டிலிருந்து செய்யும் ஒரு ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானம். காக்பிட் முடிந்தது, இறக்கை ஒட்டியாயிற்று, இடுக்குகளுக்குப் புட்டி வைத்துத் தேய்த்தாயிற்று, பச்சையும் பழுப்பும் அடித்தாயிற்று. மூன்று வார உழைப்பு. இத்தனையும் கெட்டுப்போக அரை மணி நேரம் போதும். டீக்கால், அதாவது விமானத்தின் அடையாளங்களும் எழுத்துகளும் அச்சிட்ட, தண்ணீரில் நனைத்து ஒட்டும் படலம்; அதை ஒட்டும் அரை மணி நேரம்.

கெட்டுப்போன என் விமானங்களை ஒருநாள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான் திட்டியது டீக்காலைத்தான். கோளாறு இருந்ததோ பெரும்பாலும் டீக்காலுக்கு அடியில். ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும், அடியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கடைசிக்கு முந்திய பகுதியில் விமானப் புத்தகங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அங்கேயும் இதே கதைதான்.

டீக்காலின் உடற்கூறு சுருக்கமாக: தண்ணீரை உறிஞ்சும் காகிதம், அதன்மேல் நீரில் கரையும் மாவுப் பசை, அதன்மேல் கண்ணாடிபோல் தெளிந்த மெல்லிய படலமும் மை அடுக்குகளும். தண்ணீரில் போட்டால் கரைவது பசை மட்டும். படலம் தண்ணீருக்கு அசையாது. அதற்கென்று உள்ள மருந்துக்குத்தான் இளகும்.

“ஒட்டியபோது அருமையாக இருந்தது, காய்ந்ததும் வெள்ளி பூத்துவிட்டது”

இதற்குப் பெயர் சில்வரிங். முதல் விமானத்தில் இது வராத ஆள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். எழுத்துகளைச் சுற்றியும் நடுவிலும் வெள்ளி மினுமினுப்பு தெரியும். ஒரு கோணத்தில் பார்த்தால் இருக்காது, விளக்கைச் சற்றுத் திருப்பினால் பளிச்சென்று வரும்.

போர் விமானத்துக்கு அடிக்கும் மாட் (பளபளப்பில்லாத) வண்ணம் கைக்கு வழவழப்பாகப் பட்டாலும் உள்ளபடி அது ஜல்லி கொட்டிய தெரு. படலம் ஜல்லியின் முனைகளை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது, பள்ளங்களில் காற்று. அந்தக் காற்றில் பட்டுத் திரும்பும் ஒளிதான் வெள்ளி. ஈரமாக இருக்கும்வரை பள்ளங்களில் தண்ணீர் நிற்பதால் ஒன்றும் தெரியாது. காய்ந்து தண்ணீர் போன இடத்தில் காற்று புகுந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். ராத்திரி சந்தோஷமாகத் தூங்கப்போய் காலையில் தலையில் கைவைப்பது இதனால்தான்.

வராமல் தடுக்க ஒரே வழி, டீக்காலுக்கு முன் தெருவுக்குத் தார் போடுவது, அதாவது கிளியர் என்னும் பளபளப்பான நிறமற்ற பூச்சு. டாமியா எக்ஸ்-22வை லாக்கர் தின்னரில் நன்றாக இளக்கி ஏர்பிரஷில் மெல்லிசாக இரண்டு மூன்று முறை அடிக்கிறேன். போதுமா என்று பார்க்க டியூப்லைட்டுக்குக் கீழே பிடியுங்கள். இறக்கையில் தெரியும் டியூப்லைட்டின் விளிம்பு கூர்மையாக இருந்தால் சரி. பனிக்குள் தெரிவதுபோல் மங்கினால் இன்னொரு முறை. அடித்த பிறகு ஒருநாள் முழுக்க விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள்.

ஒட்டும்போது மருந்துகளின் வரிசையும் முக்கியம். மைக்ரோ செட் முதலில், விமானத்தின் மேல். வினிகர் வாடை வரும் அது பரப்பைத் துடைத்து ஈரம் பரவச் செய்யும். அதன்மேல் டீக்கால். நடுவிலிருந்து வெளியே பிரஷால் நீவி, டிஷ்யூவால் ஒற்றிய பிறகு மேலே மைக்ரோ சால். படலத்தை இளக்குவது இதுதான். மிஸ்டர் மார்க் செட்டர், சாஃப்டர் ஜோடிக்கும் இதே வரிசை. இரண்டு பாட்டிலையும் மாற்றிப் போட்டுவிட்டு “மருந்து வேலை செய்யவில்லை” என்றவர்களில் நானும் ஒருவன்.

ஏற்கெனவே வெள்ளி பூத்துவிட்டதா? மெல்லிய ஊசி அல்லது புது பிளேடின் நுனியால் அந்த இடம் முழுக்கக் குத்துங்கள். துளைகள் கண்ணுக்குத் தெரியாது, பயப்பட வேண்டாம். மேலே மைக்ரோ சாலை விட்டால் துளை வழியாக உள்ளே இறங்கிக் காற்றைத் துரத்தும். ஒருநாள் காய விட்டுப் பாருங்கள், மிச்சமிருந்தால் மறுபடி. நான்காம் முறைக்குள் முக்கால்வாசி போய்விடும். அதற்கும் மசியாவிட்டால் எழுத்தின் ஓரமாகப் படலத்தைக் கீறி, வெறும் படலத்தை மட்டும் உரித்துவிட்டு அந்த இடத்தில் வண்ணத்தைத் தொட்டு வைக்க வேண்டியதுதான்.

படலம் குறைந்தால் பிரச்சினையும் குறையும். தாளிலிருந்து வெட்டும்போதே மைக்கு ஒட்டினாற்போல் வெட்டுங்கள். ‘இங்கே மிதிக்காதே’ வகைக் குட்டி எச்சரிக்கைகளில் மையைவிடப் படலம்தான் அதிகம்; 1/72ல் அவற்றில் பாதியை நான் ஒட்டுவதே இல்லை. அரைக்கோல் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எழுத்து தெரியாது, மினுமினுப்பு தெரியும். உலர்ந்த பிறகு படலத்தைச் சாமணத்தால் உரித்தெடுத்து மையை மட்டும் விட்டுவைக்கும் டீக்கால்களை எட்வார்ட் என்ற கிட் கம்பெனி அச்சிடுகிறது. அந்த வகை கையில் இருந்தால் அதன் குறிப்பைப் படித்துவிட்டு மருந்தைத் தொடுங்கள்.

“தண்ணீரில் போட்டதும் சுக்குநூறாகிவிட்டது”

தாளுக்கு வயதாகிவிட்டது. படலம் நெகிழ்வு இழந்து காய்ந்த அப்பளமாகிவிட்டது. பார்த்தால் புதுசுபோல் இருக்கும், நனைந்ததும் உடையும்.

ஒவ்வொரு தாளிலும் உங்களுக்குத் தேவைப்படாத ஏதாவது இருக்கும்: கம்பெனி பெயர், நீங்கள் செய்யப்போகாத இன்னொரு ஸ்குவாட்ரனின் (படைப்பிரிவின்) அடையாள எழுத்து. பழைய தாளென்றால் அதைத்தான் முதலில் நனைக்க வேண்டும். அது முழுதாக வந்தால் மற்றவையும் வரும். பரண்மேல் கிடந்த ஒரு கிட்டில் இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராக இறக்கை ரவுண்டலை, அதாவது நாட்டின் வட்ட அடையாளத்தைப் போட்டேன். கிண்ணத்தில் பதினொரு துண்டு மிதந்தது. எண்ணினேன், வேறென்ன செய்வது.

உடையும் என்று தெரிந்துவிட்டால் மைக்ரோஸ்கேலின் திரவ டீக்கால் ஃபிலிமை அகலப் பிரஷால் ஒரே இழுப்பாகத் தாள் முழுக்கத் தடவுங்கள். தடவிய இடத்தில் திரும்பப் பிரஷை ஓட்டக் கூடாது. அல்லது லாக்கர் கிளியரை இரண்டு முறை மெல்லிசாக அடிக்கலாம். ராத்திரி முழுக்கக் காயட்டும். இப்போது தாள் முழுவதும் ஒரே படலமாகிவிட்டதால் ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டித் தனித்தனியாக வெட்டிய பிறகே நனைக்க வேண்டும். மறந்தால் எல்லாம் ஒரே விரிப்பாக வரும்.

உடைந்தே போனதைக் காப்பாற்ற வேண்டுமானால் இறக்கையின் மேல் தண்ணீரைத் தாராளமாக விட்டுத் துண்டுகளை அதில் மிதக்க வைத்து, பிரஷ் நுனியால் ஒன்றோடொன்று சேருங்கள். மருந்து இப்போது வேண்டாம், இளகினால் நகர்த்த முடியாது. பொருந்திய பிறகு ஓரத்தில் டிஷ்யூவை வைத்துத் தண்ணீரை மட்டும் உறிஞ்சுங்கள். விரிசலை வண்ணத்தால் மூடலாம்.

“காகிதத்தை விட்டு வரவே மாட்டேன் என்கிறது” / “வந்தது, ஆனால் ஒட்டவில்லை”

முதலாவதற்கு வெந்நீர், கை பொறுக்கும் சூடு போதும். பதினைந்து விநாடி முக்கி எடுத்து டிஷ்யூவின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். பசை தானாக இளகும். நகத்தால் தள்ளிப் பார்ப்பவர்களுக்குத்தான் டீக்கால் மடிந்துகொள்ளும்.

இரண்டாவது, கிண்ணத்தில் போட்டுவிட்டு போன் பேசப் போனவர்களுக்கு வருவது. நெடுநேரம் மிதந்ததில் பசை முழுக்கக் கரைந்து தண்ணீரோடு போயிருக்கும். மிஸ்டர் மார்க் செட்டரில் பசையும் கலந்திருப்பதால் அதை அடியில் தடவி ஒட்டலாம். அது இல்லையென்றால் ஃபெவிகாலில் ஒரு பொட்டு எடுத்துத் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தடவுங்கள், பால்போல இருக்க வேண்டும், தயிர்போல அல்ல.

கடலோர ஊர்க்காரர்களுக்கு மூன்றாவது தொல்லை ஒன்று உண்டு. காற்றின் ஈரத்திலேயே பசை இளகி, மேலே மூடியிருக்கும் மெல்லிய தாள் டீக்காலோடு ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த நிலையில் இழுத்தால் மையும் கூடவே வரும். இழுக்காமல் தாளோடு சேர்த்து வெட்டித் தண்ணீரில் மிதக்க விடுங்கள், மேல்தாள் தானே கழன்று போக வாய்ப்பு அதிகம்.

“மருந்து தடவியதும் சுருங்கிவிட்டது! பிய்த்துவிடட்டுமா?”

வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். படலம் இளகும்போது தாத்தாவின் புறங்கைபோலச் சுருங்குவது இயல்பு, அரை மணி நேரத்தில் தானே தட்டையாகி, தகடுகள் சேரும் பேனல் கோடுகளுக்குள் இறங்கும். அந்த நேரத்தில் விரல் பட்டால்தான் உண்மையான சேதம், ஈரக் காகிதம்போல் கிழிந்துவிடும். மறுநாளும் சுருக்கம் இருந்தால் மட்டும் அந்த மடிப்பின் மேல் பிளேடால் ஒரு கீறல், ஒரு சொட்டு மருந்து.

சால்வாசெட் போன்ற காரமான மருந்தை நேராக உபயோகிப்பதற்கு முன் அதே தாளின் உபரித் துண்டில் சோதித்துவிடுங்கள். சில மெல்லிய டீக்கால்களை அது கரைத்தே விடும். அடியில் உள்ள அக்ரிலிக் கிளியர் மருந்து பட்டு வெளுப்பதும் உண்டு, அது பெரும்பாலும் அடுத்த கிளியர் அடித்ததும் மறைந்துவிடும்.

“வளைவில் உட்காரவில்லை”

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வளையும் இடங்களில்தான் இது வரும்: மூக்குக் கூம்பு, எரிபொருள் தொட்டியின் முனை, இறக்கை உடலோடு சேரும் இடம். தட்டைக் காகிதத்தை ஆரஞ்சுப் பழத்தின் மேல் சுற்றிப் பாருங்கள், டீக்கால் படும் பாடு புரியும். மறைவான ஓரங்களில் இரண்டு மூன்று வெட்டு போட்டு விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற இடம் கொடுங்கள். மருந்து தடவி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அழுத்துங்கள். ஹேர் டிரையர் உதவும், ஆனால் தூரத்திலிருந்து. பிளாஸ்டிக்கும் வளையும் என்பது நினைவிருக்கட்டும். தடித்த படலமாக இருந்தால் போராடாமல் அந்த ஒரு அடையாளத்தை மட்டும் மறைப்பு டேப் வெட்டி வண்ணமாகவே அடித்துவிடுவது நேரத்துக்கு லாபம்.

“வெள்ளை வெள்ளையாக இல்லை”

மூன்று வேறு நோய்களுக்கு ஒரே புகார்.

தாளிலேயே வெள்ளை மஞ்சளாகிவிட்டதென்றால் அது வயது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, முகம் வெளியே பார்க்கும்படி வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். சில நாளிலிருந்து சில வாரம்வரை ஆகும். மஞ்சளை வெயில் வெளுத்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு இப்படியும் ஒரு உபயோகம். தினமும் பாருங்கள்; சிவப்பு மங்கத் தொடங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

ஒட்டிய பிறகு அடியில் உள்ள பச்சை வெள்ளையின் வழியே தெரிந்தால், வெள்ளை மை போதவில்லை. அதே அடையாளம் இன்னொன்று இருந்தால் மேலேயே இரட்டையாக ஒட்டலாம். இல்லையென்றால் ஒட்டும் இடத்தில் முன்கூட்டியே வெள்ளை வட்டம் அடித்துக்கொள்வதுதான் வழி, விட்டம் டீக்காலைவிட ஒரு நூலளவு சிறிதாக.

மூன்றாவது, ரவுண்டலின் ஒரு பக்கம் வெள்ளைப் பிறை எட்டிப் பார்ப்பது. அச்சில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக விழும்போது ஒன்று நகர்ந்துவிட்டது. இதற்கு மருந்து இல்லை. பிறை வெளி ஓரத்தில் இருந்தால் வெட்டிவிடலாம். நடுவட்டம் தள்ளிப்போயிருந்தால் வேறு தாளிலிருந்து சிவப்பு வட்டத்தை மட்டும் வெட்டி மேலே ஒட்டலாம். தாள் வாங்கும்போதே லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

“சுற்றிலும் கறை”

பழுப்பாக இருந்தால் வழிந்த பசை, வெள்ளையாக இருந்தால் தண்ணீரின் உப்பு. ஈர பட்ஸால் துடைத்தால் இரண்டும் போகும். மாட் அடித்துவிட்டால் போகாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர்த்து கேன் தண்ணீரை உபயோகியுங்கள். கிண்ணத்துத் தண்ணீரை நாலைந்து டீக்காலுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

“வெறும் உலோக நிறத்தில் ஒட்டுப் போட்டமாதிரி தெரிகிறது”

நம் விமானப்படையின் மிக்-21 எஃப்எல் செய்பவர்களுக்கு இது வரும். வெறும் அலுமினியமாக மின்னிய விமானம் அது. 1971 போரின்போது பலவற்றின் மேல் அவசர அவசரமாகப் பச்சை பூசினார்கள். அலுமினிய வடிவத்தைச் செய்தால், சில்வரிங்கே இல்லாவிட்டாலும் படலத்தின் விளிம்பு மங்கலான சதுரமாகத் தெரியும். உலோகத்தின் மினுப்பு ஒருவிதம், படலத்தின் மினுப்பு வேறுவிதம். எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மையோடு ஒட்டி வெட்டுங்கள். பிறகு விமானம் முழுவதற்கும் ஒரே கிளியர் அடித்தால் இரண்டு மினுப்பும் ஒன்றாகிவிடும், உலோகப் பளபளப்பு கொஞ்சம் குறையும். அந்தக் குறையை ஏற்றுக்கொள்பவன் நான். ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் ரவுண்டலையே வண்ணத்தில் அடிக்கிறார்கள், அவர்கள் பொறுமைக்கு என் வணக்கம்.

“கடைசியில் கிளியர் அடித்ததும் கெட்டுவிட்டது”

டீக்கால் வெடித்தாலோ நெளிந்தாலோ, லாக்கரை ஒரேயடியாக ஈரமாக அடித்திருக்கிறீர்கள். முதலிரண்டு முறை தூறல்போல, இடையில் பத்து நிமிட இடைவெளி, பிறகுதான் முழுப்பூச்சு. விமானம் முழுவதும் பால்போல வெளுத்தால் அது காற்றின் ஈரம்; மழைநாளில் லாக்கர் அடிக்காதீர்கள். வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிட்ட டீக்கால் கரைந்து ஓடினால், அச்சிட்டதும் அதன்மேல் கிளியர் அடித்து மூட மறந்துவிட்டீர்கள். வீட்டுப் பிரிண்டருக்கு வெள்ளை மையே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள், ரவுண்டலின் வெள்ளை வளையம் வேண்டுமென்றால் வெள்ளைப் படலத் தாள்தான்.

“டீக்கால் நன்றாக ஒட்டிவிட்டது. புத்தகத்தைப் பார்த்தால் தப்பு”

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய அறிகுறி இதுதான். மருந்தும் பிளேடும் இதற்கு உதவாது.

முதலில் ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்கள். 1940 கோடையில் ஸ்பிட்ஃபயரின் உடலில் வழக்கமாக இருந்த ஏ1 வகை ரவுண்டலின் விட்டம் 35 அங்குலம். உள்ளிருந்து வெளியே சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள்; விட்டங்கள் 5, 15, 25, 35 என்று ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு விகிதத்தில் போகும். 35 அங்குலம் என்பது 889 மில்லிமீட்டர். அதை 72ஆல் வகுத்தால் 12.3 மில்லிமீட்டர், 48ஆல் வகுத்தால் 18.5. உங்கள் தாளில் 13.5 மில்லிமீட்டர் இருந்தால் நிஜத்தில் அது 38 அங்குலத்துக்கும் மேல், அப்படியானால் புகைப்படத்தைப் பார்க்க வேண்டும். உடனே ‘தப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். பழைய ரவுண்டலைச் சுற்றி மஞ்சள் வளையம் சேர்க்கச் சொன்னபோது இடம் போதாத விமானங்களில் மெல்லிசாக ஒரு கோடு மட்டும் இழுத்தவர்களும் இருந்தார்கள்.

அடுத்து தேதி. பிரிட்டிஷ் அடையாளங்கள் நாள்காட்டிபோல மாறிக்கொண்டே இருந்தன. மஞ்சள் வளையமும் வால் துடுப்பின் மூவர்ணப் பட்டையும் வந்தது 1940 மே மாதம். அடிப்பகுதி பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்றிருந்தது போய், ஸ்கை என்ற வெளிர் பச்சை வந்தது ஜூனில். அதே ஸ்கை நிறத்தில் மூக்குக் கூம்பும் வாலுக்கு முன் ஒரு பட்டையும் வந்தது நவம்பர் கடைசியில். இடது இறக்கையின் அடி மறுபடியும் கறுப்பானதும் அப்போதுதான். 1942 ஜூலையில் ரவுண்டலின் வெள்ளை மெலிந்து மஞ்சளும் மெலிந்தது. செப்டம்பர் 1940 என்று பெட்டியில் எழுதிவிட்டு ஸ்கை நிறக் கூம்பு போடச் சொன்னால், படம் வரைந்தவர் குளிர்காலப் புகைப்படத்தைப் பார்த்திருக்கிறார்.

நம் பக்கத்துக்கும் இதே சோதனை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பறந்த இந்திய விமானங்களில் சிவப்பே கிடையாது. ஜப்பானின் செவ்வட்டம் என்று நினைத்து நம்மவர்களே சுட்டுவிடக் கூடாதென்று எடுத்துவிட்டார்கள். 1947 முதல் 1950 வரை அசோகச் சக்கரம். குடியரசான பிறகுதான் வெளியே பச்சை, நடுவே வெள்ளை, உள்ளே காவி. ஸ்பிட்ஃபயரோ டெம்பெஸ்ட்டோ, இந்திய விமானம் என்றதும் மூவர்ண வட்டத்தை ஒட்டுவதற்கு முன் ஆண்டைக் கேளுங்கள்.

“புகைப்படத்தில் மஞ்சள் வளையமே இல்லை, கருப்பாக இருக்கிறது” என்று ஒரு புகார் அடிக்கடி வரும். வளையம் இருக்கிறது, படச்சுருள்தான் பார்க்கவில்லை. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் சுருளுக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சளும் பாதிதான் தெரியும்; இரண்டும் கறுத்துவிடும். நீலம் வெளுத்துவிடும். எல்லா நிறமும் தெரியும் பான்குரோமாட்டிக் சுருளில் எடுத்ததென்றால் மஞ்சள் வெளிச்சமாக வரும். கருப்பு வெள்ளைப் படத்தை எடுத்ததும் ரவுண்டலின் நடுவட்டத்தையும் நீல வளையத்தையும் ஒப்பிடுங்கள். சிவப்பு கரியாகவும் நீலம் சாம்பலாகவும் இருந்தால் அந்தப் படத்தில் எந்த மஞ்சளையும் நம்பாதீர்கள். மூக்குக் கூம்பு கறுப்பா சிவப்பா என்று இரண்டு புத்தகங்கள் சண்டை போடும்போது, பெரும்பாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது இப்படிப்பட்ட ஒரே புகைப்படம்தான்.

பக்கவாட்டு வண்ண ஓவியங்கள் நிறைந்த புத்தகம் பார்க்க அழகு, நானும் வாங்கி அடுக்கியிருக்கிறேன். ஆனால் ஓவியம் என்பது புகைப்படத்தின் மேல் ஒட்டிய டீக்கால். அடியில் புகைப்படம் இல்லாத ஓவியம், காற்றின்மேல் நிற்கும் படலம். ஓவியத்தில் தெரியும் விமானத்துக்கு அதே புத்தகத்தில் படம் இருக்கிறதா என்று முதலில் தேடுவேன். இடது பக்கப் படம் மட்டும் கிடைத்திருந்தால் வலது பக்கம் ஊகம்தான். ஸ்குவாட்ரன் எழுத்து ரவுண்டலுக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்பதுகூட இரு பக்கமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. துடுப்புப் பட்டையில் மட்டும் ஊகம் வேண்டாம். பிரிட்டிஷ் விமானத்தில் சிவப்பு எப்போதும் முன்புறம், ஆகவே இடதும் வலதும் கண்ணாடி பிம்பம். இரண்டையும் மாற்றி ஒட்டுவது நடப்பதுதான்.

எழுத்தை மட்டும் வைத்து ஸ்குவாட்ரனை முடிவுசெய்யவும் கூடாது. 1940ல் 92ஆம் ஸ்குவாட்ரனும் 616ஆம் ஸ்குவாட்ரனும் ஒரே க்யூஜே எழுத்துகளைப் போட்டுக்கொண்டு பறந்தன, இரண்டுமே ஸ்பிட்ஃபயர். வால்பக்கத்தில் இருக்கும் சிறிய வரிசை எண் தெரிந்தால்தான் எது யாருடையது என்று சொல்ல முடியும். டீக்கால் தாளில் மிகச் சிறியதும் மிக அவசியமானதும் அந்த எண்தான்.

அருங்காட்சியக விமானங்களைச் சுற்றிச் சுற்றி எடுத்த படப் புத்தகங்களை நான் வேறு வேலைக்கு வைத்திருக்கிறேன். சக்கரக் குழி, குழாய்கள், ரிவெட் வரிசை, மூடியின் கீல் ஆகியவற்றுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. டெல்லியில் பாலம் என்ற இடத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தின் நேட் விமானத்தையோ பெங்களூரு எச்ஏஎல் அருங்காட்சியகத்தின் மாருத் விமானத்தையோ நேரில் பார்த்தால் உருவத்தைப் பற்றிய பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். வண்ணத்துக்கும் அடையாளத்துக்கும் மட்டும் அவற்றைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். வெயிலில் நிற்கும் விமானத்துக்கு எத்தனை தடவை மறுபூச்சு நடந்ததோ, அடித்தவர் கையில் எந்த டப்பா இருந்ததோ.

“அடுத்த தடவை எடுத்தபோது தாள் பாழாகியிருந்தது”

மிச்சத் தாள்களை ஜிப் உறையில், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, இரண்டு தாளுக்கு நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, புத்தகத்துக்குள் தட்டையாக வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள். நான் உறையின் மேல் விமானத்தின் பெயரோடு, எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கத்தில் அதன் புகைப்படம் இருக்கிறது என்றும் பென்சிலால் எழுதிவைக்கிறேன். பக்க எண் இல்லாத உறைகள் நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன, அவற்றை இன்னும் தொடவில்லை.